மாலத்தீவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. டீசல் ஏன் இன்னும் ஓடுகிறது?

கேள்வி இது: “அண்ணனுக்கு மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் பவர்ஹவுஸில் ஆபரேட்டர் வேலை வந்திருக்கிறது. அங்கே எல்லாத் தீவிலும் 24 மணி நேரமும் கரண்ட் உண்டா? வருஷம் பூரா வெயில் அடிக்கிற இடத்தில் ஏன் இன்னும் டீசலை எரிக்கிறார்கள்? சோலார் முழுசாக வந்துவிட்டால் இந்த வேலை என்ன ஆகும்?”

நான் அங்கே ஒரு ரிசார்ட்டின் பவர்ஹவுஸில் வேலை பார்த்தவன். பிறகு சோலாரையும் டீசலையும் இணைக்கிற வேலைகளிலும் இருந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: உண்டு. 2008-லேயே மக்கள் வாழும் எல்லாத் தீவுகளுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. தெற்காசியாவில் அந்த நிலையை முதலில் எட்டிய நாடு மாலத்தீவுதான். அதற்கு நான்கு வருஷம் முன்புதான், 2004 டிசம்பர் சுனாமியில், பல தீவுகளின் மின்நிலையங்கள் சேதமாகிக் கிடந்தன. நாட்டின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். வடக்கிலிருந்து தெற்கே சுமார் 870 கிலோமீட்டர் நீளத்துக்கு 1,192 தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அதில் மக்கள் குடியிருப்பவை 190-க்கும் குறைவு. 2022 கணக்கெடுப்பில் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து மக்கள்தொகை சுமார் 5.15 லட்சம். அதில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தலைநகர் மாலேயிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் நெருக்கியடித்து இருக்கிறார்கள். மற்றவர்கள் இருக்கும் தீவுகளில் பலவற்றில் ஆயிரம் பேர்கூட இல்லை.

இந்தத் தீவுகளை ஒன்றோடொன்று இணைக்கும் மின்தடம் கிடையாது. மாலே வட்டாரத்தில் பாலமும் கேபிளும் சில தீவுகளைச் சேர்த்திருக்கின்றன, அவ்வளவுதான். மற்றபடி ஒவ்வொரு தீவுக்கும் ஒரு பவர்ஹவுஸ், ஒரு எண்ணெய்த் தொட்டி, மூன்று நான்கு ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்), தெருவுக்கடியில் கேபிள். மின்சாரக் கணக்கில் ஒவ்வொரு தீவும் ஒரு தனி நாடு. நம் ஊரில் கயத்தாறில் காற்று நின்றால் நெய்வேலியிலிருந்தோ வடக்கே எங்கிருந்தோ கரண்ட் வந்து இடத்தை நிரப்பிவிடும், வீட்டில் விளக்கு சிமிட்டக்கூடச் செய்யாது. அங்கே ஒரு ஜென்செட் நின்றால் அடுத்த ஜென்செட்டை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். வேறு யாரும் வரமாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மாலேயில் மின்சாரம் 1949-ல் வந்தது. வெளித் தீவுகளில் வெகுகாலம் அரசாங்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்களே பணம் போட்டு ஒரு ஜெனரேட்டர் வாங்கி, ஊர்க் குழுவே அதை ஓட்டி, சாயங்காலம் சில மணி நேரம் விளக்கு எரிய வைத்தார்கள். சில தீவுகளில் ஒரு வியாபாரி வாங்கி வைத்து வீட்டுக்கு வீடு கம்பி இழுத்தார். டீசல் படகு வராத வாரம் இருட்டுதான். 2009-க்குப் பிறகு இவற்றை வட்டார நிறுவனங்களாக ஒன்றுசேர்த்தார்கள், 2012-ல் அவையெல்லாம் ஃபெனகா என்ற அரசு நிறுவனத்துக்குள் போயின. இன்று மாலே வட்டாரத்தை ஸ்டெல்கோ என்ற அரசு மின் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது, வெளித் தீவுகளில் சுமார் 150-ஐ ஃபெனகா. உங்கள் அண்ணன் வேலைக்குப் போவது ரிசார்ட் இல்லாத ஊர்த் தீவு என்றால் பெரும்பாலும் ஃபெனகாவின் பவர்ஹவுஸாகத்தான் இருக்கும்.

ஆக, கரண்ட் இருக்கிறதா என்ற கேள்வி அங்கே முடிந்துபோன கேள்வி. எந்த விலையில் இருக்கிறது என்பதுதான் இப்போதைய கேள்வி.

நாட்டில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. எஸ்.டி.ஓ என்கிற அரசு வணிக நிறுவனம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறது. மாலேக்கு எதிரே ஃபுனதூ என்று ஒரு குட்டித் தீவையே பல காலம் எண்ணெய்த் தொட்டிகளுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்து சின்ன டேங்கர் படகுகள் அட்டோல் அட்டோலாக (வளையமான பவளத்தீவுக் கூட்டம் ஒவ்வொன்றாக) போய் ஊற்றிவிட்டு வரும். தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்த வாழ்க்கை ஓரளவு தெரிந்திருக்கும். வெங்காயம் முதல் ஜல்லி வரை தோணியிலும் கப்பலிலும் மாலேக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். எல்லாமே கடல் வழி, எல்லாமே டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கு எண்ணெய் இறக்குமதிக்கே போகிறது. இதில் மீன்பிடிப் படகுகளும் ஸ்பீட் போட்டுகளும் குடிக்கிற எண்ணெயும் அடக்கம்.

யூனிட் கணக்கு போட்டுப் பாருங்கள். நன்றாகப் பராமரித்த ஜென்செட், சரியான லோடில் ஓடினால், ஒரு லிட்டர் டீசலுக்கு 3.3 முதல் 3.5 யூனிட் தரும். பழைய சின்ன ஜென்செட் மூன்றைத் தொடாது. லிட்டர் ஒரு டாலர் என்று வைத்தால், எண்ணெய்ச் செலவே யூனிட்டுக்கு 30 சென்ட். அதற்கு மேல் ஆயில் மாற்றுவது, ஃபில்டர், ஓவர்ஹால், ஆள் சம்பளம், கேபிளில் போகும் இழப்பு. வெளித் தீவுகளில் ஒரு யூனிட்டின் உற்பத்திச் செலவு 30 சென்ட்டிலிருந்து 70 சென்ட் வரை போகிறது. தீவு சின்னதாகச் சின்னதாகச் செலவு ஏறும். முந்நூறு பேர் உள்ள தீவுக்கும் படகு போய்த்தான் ஆக வேண்டும், ஆபரேட்டர் ராத்திரி விழித்திருக்கத்தான் வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அப்படியே பொருந்தும்.

சோலார் யூனிட் 10 சென்ட்டுக்குக் கிடைக்கிறது. அதையும் கீழே சொல்கிறேன். அப்படியானால் இன்றைக்கே மாறிவிட வேண்டியதுதானே? இங்கேதான் பவர்ஹவுஸுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆயிரம் பேர் வாழும் ஒரு தீவை எடுத்துக்கொள்வோம். சராசரி லோடு 150 கிலோவாட் என்று வைப்போம், ஒரு நாளைக்கு 3,600 யூனிட். பகலில் பள்ளி, ஆபீஸ், கடை, வீட்டு ஃபிரிட்ஜ். மீன்பிடித் தீவென்றால் ஐஸ் பிளான்ட் ஒன்று இருக்கும், அதன் கம்ப்ரெசர் கிளம்பும்போது ஜென்செட் ஒரு முனகல் முனகும், மீட்டரில் ஹெர்ட்ஸ் (மின்சாரத்தின் துடிப்பு வேகம்) இறங்கி ஏறும். உண்மையான லோடு சாயங்காலம்தான். மக்ரிப் தொழுகை முடிந்ததும் வீடுகளில் விளக்கும் டிவியும் ஏசியும் ஒவ்வொன்றாக ஏறும். ஆபரேட்டர் அதற்கு முன்பே இரண்டாவது செட்டை ஸ்டார்ட் செய்து, சூடேற விட்டு, சின்க் பண்ணி (ஓடுகிற செட்டின் துடிப்போடு பொருத்தி) தயாராக வைத்திருப்பார். ரமலான் மாதத்தில் இந்த வளைவே மாறிவிடும். நடுராத்திரி தாண்டியும் லோடு இறங்காது, சஹருக்கு மறுபடி ஏறும். அந்த மாதம் லாக் புக்கைப் பார்த்தால் வேறு தீவின் கணக்கு மாதிரி இருக்கும்.

இப்போது இந்தத் தீவில் 150 கிலோவாட் சோலார் போடுகிறீர்கள். மதியம் பன்னிரண்டு மணி, லோடு 160. சோலார் 140 தருகிறது. ஜென்செட்டுக்கு மிஞ்சுவது 20 கிலோவாட். அங்கேதான் சிக்கல். 200 கிலோவாட் ஜென்செட்டை 20 கிலோவாட்டில் ஓட்டக் கூடாது. முப்பது நாற்பது சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளே சூடு போதாமல் டீசல் முழுசாக எரியாது, எரியாத எண்ணெய் சைலன்சர் வழியாகக் கறுப்பாக வழியும், வால்வில் கரி படியும். ஆறு மாதத்தில் செய்ய வேண்டிய ஓவர்ஹால் மூன்று மாதத்தில் வந்து நிற்கும். சரி, ஜென்செட்டை நிறுத்திவிடலாமா என்றால் அதுவும் முடியாது. சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தனித்து இயங்காது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் 50 ஹெர்ட்ஸைப் பார்த்து அதன் பின்னால் போகும். முன்னால் போக ஆளில்லை என்றால் அடுத்த நொடி அதுவும் அணைந்துவிடும்.

அப்புறம் மேகம். தீவு என்பது ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஒரே ஒரு மேகம் வந்தால் தீவு முழுக்க நிழல். 100 கிலோவாட் தந்துகொண்டிருந்த சோலார் பலகைகள் ஒரு நிமிஷத்துக்குள் 20-க்கு இறங்கும். அந்த 80-ஐ ஜென்செட் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். தூக்க முடியவில்லை என்றால் ஹெர்ட்ஸ் விழுந்து, டிரிப் ஆகி, ஊரே இருட்டு. அது நடந்தால் ஊர்க்காரர்கள் யாரும் மேகத்தைத் திட்டமாட்டார்கள், ஆபரேட்டருக்குத்தான் போன் வரும். அதனால் ஆபரேட்டர்கள் பெரிய செட்டையே ஓட விட்டு, சோலாரைக் கொஞ்சம் குறைத்து வைக்கவே விரும்புவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. டீசல் மிச்சமானால் அவர் சம்பளம் ஏறப்போவதில்லை, கரண்ட் போனால் மட்டும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பேட்டரி இல்லாமல் இந்தத் தீவில் உருப்படியாகப் பயன்படக்கூடிய சோலார் சுமார் 100 கிலோவாட். அங்கே ஒரு கிலோவாட் பலகை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஆக 400 யூனிட். மொத்தத் தேவையில் 11 சதவீதம். செய்தியில் “தீவின் பகல்நேரத் தேவையில் பாதிக்கு மேல் சூரியசக்தி” என்று வரும். அதுவும் பொய்யில்லை. ஆனால் எண்ணெய்ப் படகு வருவது நிற்கவில்லை. எந்தத் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும் எத்தனை மெகாவாட் பலகை போட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஜென்செட் நின்றிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலான அறிக்கைகளில் அந்த எண் இருக்காது.

ஜென்செட்டை நிறுத்த வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும், அதோடு தானே 50 ஹெர்ட்ஸை உண்டாக்கி முன்னால் போகக்கூடிய பேட்டரி இன்வெர்ட்டர் வேண்டும். சின்ன பேட்டரியாக இருந்தாலும் பெரிய உபகாரம்: மேகம் வந்த அந்த ஐந்து பத்து நிமிஷத்தைத் தாங்கிக்கொள்ளும், அதற்குள் அடுத்த ஜென்செட் ஸ்டார்ட் ஆகிவிடும். பேட்டரி பெரிதாகப் பெரிதாக, பகல் முழுக்க ஜென்செட்டை ஆஃப் செய்துவிடலாம். ராத்திரியும் சோலாரிலேயே ஓட்ட வேண்டுமென்றால் நம் தீவுக்கு 900 கிலோவாட்டுக்கு மேல் பலகையும், ராத்திரித் தேவைக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் கொள்ளும் பேட்டரியும் தேவை. பலகைக்கு நடக்க வழியெல்லாம் விட்டு இரண்டு ஏக்கர் ஆகும். இரண்டு ஏக்கர் என்பது இங்கே ஒரு பெரிய விஷயமில்லை. அங்கே பள்ளி, பள்ளிவாசல், மையவாடி, கால்பந்து மைதானம், படகு கட்டும் இடம், துறைமுகம், இதெல்லாம் போக மிச்சம் இருப்பதில்தான் வீடே கட்ட வேண்டும். இருந்தாலும் சின்னத் தீவுகளில் முடியாதது இல்லை. கூரை, மைதானத்தின் கேலரி, நடைபாதைக்கு மேலே பந்தல் என்று ஒப்பேற்றிவிடலாம்.

மாலேதான் முடியாது. தீவின் பரப்பு சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர். உச்சத் தேவை 50 மெகாவாட்டை எப்போதோ தாண்டிவிட்டது. சராசரி 40 மெகாவாட் என்று குறைவாகவே வைத்தாலும் ஒரு நாளைக்கு 9.6 லட்சம் யூனிட். அதற்கு 240 மெகாவாட் பலகை வேண்டும், அதற்கு நெருக்கி அடுக்கினாலும் ஏறக்குறைய ஒன்றரை சதுர கிலோமீட்டர். தெரு, மசூதி, மார்க்கெட் எல்லாவற்றையும் மூடினால்தான் உண்டு. அடுக்குமாடிகளில் கூரை சின்னது, குடியிருப்பவர்கள் ஏராளம், ஒவ்வொருவருக்கும் ஏசி. ஆகவே மாலேக்கு வெயில் வேறு தீவிலிருந்தோ கடல் மேலிருந்தோ வந்தாக வேண்டும்.

மின்சாரம் நின்றால் அங்கே விளக்கோடு போவதில்லை, தண்ணீரும் போகும். மாலேக்குக் குடிநீர் கடலிலிருந்து சுத்திகரித்துத்தான் வருகிறது, ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் கரண்ட். 2014 டிசம்பர் 4 அன்று அந்த நீர் நிலையத்தில் தீப்பிடித்தபோது ஒரு லட்சம் பேருக்கு மேல் குழாயில் தண்ணீரில்லாமல் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. அந்த நாட்டில் மின்துறை அதிகாரிகள் புதிது எதையும் தொடவே யோசிப்பதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பணத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையிலேயே சுவையான பகுதி இது. உலக வங்கி 2014-ல் ஆஸ்பையர் என்று ஒரு திட்டம் தொடங்கியது. அரசாங்கம் பலகை வாங்காது. தனியார் நிறுவனம் சொந்தப் பணத்தில் போட்டு, யூனிட் கணக்கில் மின் நிறுவனத்துக்கு விற்கும். மாலே பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் கூரைகளில் 1.5 மெகாவாட், முதல் ஒப்பந்தத்தில் விலை யூனிட்டுக்கு 21 சென்ட். வெயில் கொட்டுகிற இடத்தில் அவ்வளவு விலை ஏன்? முதலீட்டாளரின் பயம்தான் விலையாக வந்தது. இருபது வருஷ ஒப்பந்தம் போடுகிறேன், மின் நிறுவனம் மாதாமாதம் பணம் தருமா? உள்ளூர்ப் பணமான ருஃபியாவில் தந்தால் அதை டாலராக மாற்ற முடியுமா? ஆட்சி மாறினால் ஒப்பந்தம் நிற்குமா? ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இரண்டு மூன்று சென்ட் ஏற்றிக் கேட்டார்கள். பிறகு சில மாதத் தவணைக்கான பணத்தைத் தனிக் கணக்கில் எடுத்து வைப்பது, அரசு தவறினால் உலக வங்கி உத்தரவாதம், டாலர் மாற்றத்துக்குப் பாதுகாப்பு என்று ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு மருந்து வைத்தார்கள். 2020-ல் அடுத்த 5 மெகாவாட்டுக்கு விலை 10.9 சென்ட்டாக இறங்கியது. 2022-ல் 11 மெகாவாட்டுக்கு 63 நிறுவனங்கள் ஆர்வம் காட்டின, விலை 9.8 சென்ட். பலகை விலை உலகம் முழுக்கவே இறங்கியது உண்மை. ஆனால் அது மட்டும் இந்த இறக்கத்துக்குக் காரணமில்லை.

இன்னொரு பக்கம் ஆசிய வளர்ச்சி வங்கியின் பாய்ஸ்ட் திட்டம், அதுவும் 2014-ல் தொடங்கியது. 160 தீவுகளின் டீசல் நிலையங்களை சோலார், பேட்டரி, டீசல் மூன்றும் சேர்ந்த கலப்பு நிலையங்களாக மாற்றுவது நோக்கம். அட்டு, கொய்தூ, புருனி, குரெந்தூ, வில்லிங்கிலி ஆகியவை முதல் சுற்று. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பலகையோடு புது ஜென்செட்டையும் புதுக் கேபிளையும் கட்டுப்பாட்டுப் பேனலையும் சேர்த்தே போட்டார்கள். அளவுக்கு மீறிய பழைய ஜென்செட்டைத் தூக்கிவிட்டு லோடுக்கேற்ற இரண்டு மூன்று அளவுகளில் வைத்தாலே கணிசமாக டீசல் மிச்சமாகும். அதை யாரும் ரிப்பன் வெட்டித் திறப்பதில்லை.

நன்கொடையாக வந்து போன சின்னச் சின்ன சோலார் வேலைகளைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் எனக்கு இல்லை. கூரையில் பலகை இருக்கும், கீழே இன்வெர்ட்டர் பழுதாகிக் கிடக்கும், அந்தக் கம்பெனி அந்த மாடலையே நிறுத்தியிருக்கும். உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்னும். அலுமினியச் சட்டம் தாங்கும், அதை இறுக்கிய போல்ட் தாங்காது. கனெக்டருக்குள் பச்சை பூக்கும். பராமரிப்புக்குப் பணமும் ஸ்பேரும் ஒதுக்காமல் வருகிற இலவசப் பலகையை நானாக இருந்தால் வாங்கமாட்டேன்.

அரசியலைக் கொஞ்சம். 2009 மார்ச்சில் அதிபர் முகமது நஷீத் பத்து வருஷத்தில் நாடு கார்பன் சமநிலை அடையும் என்று அறிவித்தார். அக்டோபரில் அமைச்சர்களோடு கடலுக்கடியில் உட்கார்ந்து கூட்டம் நடத்தியதை உலகமே பார்த்தது. அதே வருஷம் காஃபாரு தீவுப் பக்கம் 75 மெகாவாட் காற்றாலை அறிவிப்பு வந்தது, காற்றாலை வரவில்லை. 2012 பிப்ரவரியில் அவர் பதவி போனது. அடுத்தடுத்து வந்தவர்கள் ஆளுக்கொரு வருஷம் சொன்னார்கள். இப்ராஹிம் சாலிஹ் காலத்தில் 2030-க்குள் நிகர பூஜ்யம். 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில், அவருக்கு அடுத்து அதிபரான முய்சு, 2028-க்குள் மின்சாரத்தில் 33 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்றார். இப்போதைக்கு உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி டீசல்தான். ஆனாலும் இந்த 33 சதவீதத்தை நான் முந்தையவற்றைவிட மதிக்கிறேன், ஏனென்றால் இது மின்சாரத்தை மட்டும் பேசுகிறது, கணக்குப் பார்த்து “ஏன் வரவில்லை” என்று கேட்க முடியும்.

வேகம் ஏன் இல்லை என்பதற்கு என் பார்வையில் பெரிய காரணம் மானியம். டீசல் கரண்டின் உண்மையான விலையை மக்களிடம் வாங்கினால் எந்த அரசும் நிற்காது. அதனால் அரசாங்கம் மானியம் தந்து கட்டணத்தைக் கீழே வைத்திருக்கிறது. விளைவு: வீட்டுக்காரருக்குச் சொந்தப் பணத்தில் கூரையில் பலகை போட அவசரமில்லை. மின் நிறுவனத்துக்கும் டீசல் மிச்சமானால் அதற்கேற்ப மானியம் குறையும், கையில் நிற்காது. லாபம் அடைவது நிதி அமைச்சகம் ஒன்றுதான். கூரைச் சோலாரை மீட்டரில் கழித்துக்கொள்ளும் விதி 2015-லேயே வந்தும் அது தீயாகப் பரவாததற்கு இதுதான் காரணம் என்பேன். உக்ரைன் போருக்குப் பின் எண்ணெய் விலை ஏறியபோது இந்த மானியச் சுமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விலை ஏறும்போதெல்லாம் சோலார் பற்றி நிறையப் பேசுவார்கள், இறங்கினால் பேச்சும் இறங்கும்.

ரிசார்ட்டுகளைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்பது அங்கத்திய வழக்கம். ஒவ்வொன்றும் தன் கரண்டைத் தானே தயாரிக்கிறது. நாட்டின் மொத்த மின் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி ரிசார்ட்டுகளுக்குள்தான் நடக்கிறது. பணம் இருக்கிறது, முடிவெடுக்க ஒரே முதலாளி, மானியம் கிடையாது, ஆகவே கணக்கு நேரடி: மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் அவர் பை. குடதூ என்ற சின்ன ரிசார்ட் பொதுக் கட்டடத்தின் கூரை முழுக்க 320 கிலோவாட் பலகை போட்டு 2018-ல் திறந்தது. ஸ்விம்சோல் என்ற ஆஸ்திரிய நிறுவனம் லகூனில் (பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் கடலில்) மிதக்கும் பலகைகளை மாலத்தீவில்தான் பழக்கியது. பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம் மாதிரி இருக்கும், அதனால்தான் அது சாத்தியம். ஆனால் ரிசார்ட்டுக்கு வேறு தலைவலி. விருந்தாளி கண்ணில் பலகையும் படக்கூடாது, காதில் ஜென்செட்டும் கேட்கக்கூடாது. வில்லாக்களின் கூரையெல்லாம் ஓலை, அதன் மேல் ஒன்றும் வைக்கவிடமாட்டார்கள். ஆகப் பலகைகளெல்லாம் ஊழியர் குடியிருப்பு, லாண்டரி, பவர்ஹவுஸ் கூரை என்று பின்பக்கத்தில் ஒதுங்கும்.

காற்று? பூமத்தியரேகைக்குப் பக்கம், பெரும்பாலும் வேகம் போதாது. அலை, கடல் நீரோட்டம் எல்லாம் சோதனை அளவில் பேசலாம்.

முழுசாக சோலாருக்கு மாறின தீவு எங்கேயுமே இல்லையா என்று அடுத்து கேட்பீர்கள். பசிபிக்கில் டோகலாவ் இருக்கிறது. தனி நாடு இல்லை, நியூசிலாந்தின் கீழ் உள்ளது, மூன்று அட்டோல், சுமார் 1,500 பேர். 2012-ல் நியூசிலாந்துப் பணத்தில் பலகையும் பேட்டரியும் போட்டு டீசலைக் கிட்டத்தட்ட நிறுத்தினார்கள். அப்புறம் வீடுகளில் ஃப்ரீசர் முதலான சாமான்கள் கூடக்கூட டீசல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அது தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். நல்ல கரண்ட் வந்தால் மக்கள் அதிகம் பயன்படுத்தத்தான் செய்வார்கள். அதையும் திட்டத்தில் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே, யாழ்ப்பாணக் கரையோரம் இதே கதைதான். எழுவைதீவில் இப்படி ஒரு கலப்பு நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் 2021-ல் ஒரு சீன நிறுவனத்துக்கு வேலை போனது, இந்தியா ஆட்சேபித்தது, வேலை நின்றது. கடைசியில் இந்தியா 1.1 கோடி டாலர் நன்கொடையில் செய்து தருவதாக 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அந்தத் திட்டத்தின் எண்களைக் கவனியுங்கள்: 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்று, 2,400 யூனிட் பேட்டரி, இவற்றோடு 2,500 கிலோவாட் டீசலும் காத்திருப்பில். சோலாரும் காற்றும் சேர்ந்த அளவைவிட டீசல் அதிகம். வீணடிப்பு மாதிரி தெரியும், ஆனால் மழை மூன்று நாள் விடாமல் பிடித்தால் ஊரைத் தாங்க வேண்டியது அதுதான்.

ஆகவே உங்கள் அண்ணன் வேலை. டீசல் இன்றைக்கோ நாளைக்கோ போகப்போவதில்லை. போனாலும் காத்திருப்பில் நிற்கும், நிற்கிற ஜென்செட்டுக்கு ஓடுகிற ஜென்செட்டைவிட அதிக கவனம் வேண்டும், ஏனென்றால் கூப்பிட்ட அந்த நொடியில் அது எழுந்தாக வேண்டும். மாறப்போவது வேலையின் தன்மை. கையால் சின்க் பண்ணிப் பழகினவருக்கு, இனி எந்த செட் எப்போது ஓட வேண்டும் என்பதை ஒரு கன்ட்ரோலர் தீர்மானிக்கும். அது ஏன் அப்படித் தீர்மானித்தது என்று புரிந்துகொள்ளத் தெரிந்தவருக்கு மதிப்பு. போகும் முன் இன்வெர்ட்டர், பேட்டரி மேலாண்மை, ஜென்செட் கன்ட்ரோலர் செட்டிங், இந்த மூன்றிலும் ஏதாவது ஒரு குறுகிய பயிற்சி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேட்டரி அறையில் தீ அணைப்பது டீசல் அறையில் அணைப்பது மாதிரி இல்லை, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நேர்காணலில் அவர் கேட்க வேண்டியவை: உச்ச லோடு எவ்வளவு, எத்தனை செட், என்ன அளவு, கடைசி ஓவர்ஹால் எப்போது, சோலார் இருந்தால் அதன் இன்வெர்ட்டர் இப்போது வேலை செய்கிறதா, ஷிஃப்டில் எத்தனை பேர். கடைசிக் கேள்விக்கு “நீங்கள் ஒருவர்தான்” என்று பதில் வந்தால் சம்பளத்தை மறுபடி பேசச் சொல்லுங்கள்.